வேண்டாத வரம்

இல்லத்து நூலகம்

சிண்டரெல்லாவின் கதையைக் கேளாமல் வளர்ந்த பிள்ளைகள் இன்று மிகச் சிலரே. தாயை இழந்த ஒரு பெண்; அவளை அடுப்பங்கரைச் சாம்பலில் உழலவிட்ட மாற்றாந்தாய்; செருக்கு மிகுந்த இரண்டு சகோதரிகள்; அரண்மனையில் நடன விழா; நள்ளிரவு மணியோசை; ஒற்றைக் காலணி; அதற்குரிய பாதத்தைத் தேடி வரும் இளவரசன். பிரெஞ்சு எழுத்தாளர் சார்ல் பெரோ 1697-ஆம் ஆண்டில் வெளியிட்ட தொகுப்பின் வாயிலாகவே பூசணிக்காய் வண்டியும் கண்ணாடிக் காலணியும் உலகெங்கும் பரவின. ஜெர்மானியரான கிரிம் சகோதரர்கள் 1812-இல் வெளியிட்ட வடிவில் பூசணி வண்டியும் இல்லை, தேவதையும் இல்லை. தாயின் கல்லறைமேல் வளர்ந்த மரமும் பறவைகளுமே அப்பெண்ணுக்குத் துணை. இவர்களுக்கெல்லாம் பல நூற்றாண்டுகள் முன்னரே, ஒன்பதாம் நூற்றாண்டுச் சீனத்தில் எழுதப்பட்ட நூலொன்றிலும் காலணியை இழந்த ஒரு பெண்ணின் கதை காணப்படுகிறது.

இத்தனை நாடுகளில், இத்தனை காலமாகச் சொல்லப்பட்டு வரும் இக்கதையில் ஒரு கேள்விக்கு மட்டும் விடை கிடைப்பதில்லை. அந்தப் பெண் ஏன் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டாள்? தரையைத் துடைக்கச் சொன்னால் துடைக்கிறாள். சகோதரியரின் கூந்தலை வாரச் சொன்னால் வாருகிறாள். ஒருநாளேனும் 'மாட்டேன்' என்று சொன்னதாகக் கதை கூறவில்லை. 'அவள் நல்ல பெண், ஆகையால் பணிந்து நடந்தாள்' என்று பாட்டிமார் சொல்லி முடித்துவிடுவர். அமெரிக்காவின் நியூயார்க் நகரில் பிறந்த கெயில் கார்சன் லெவைன் என்னும் அம்மையாருக்கு அந்த விடை போதவில்லை. எழுத்துப் பயிற்சி வகுப்பொன்றிற்காகக் கதை எழுத அமர்ந்தவர், இவ்வளவு நல்லவளாக ஒருத்தி எவ்வாறு இருக்க முடியும் என்று தம்மையே கேட்டுக்கொண்டார். அவள் விரும்பிப் பணியவில்லை, பணியாமல் இருக்க அவளால் இயலவில்லை என்று கற்பனை செய்தார். அக்கற்பனையிலிருந்து பிறந்ததே 1997-இல் வெளிவந்த 'எல்லா என்சான்டட்' என்னும் ஆங்கில நாவல். அது அவர் வெளியிட்ட முதல் நாவல். ஆயினும், அமெரிக்காவில் சிறுவர் இலக்கியத்திற்கு அளிக்கப்படும் நியூபெரி கௌரவச் சிறப்பு 1998-ஆம் ஆண்டில் அதனைத் தேடி வந்தது.

தலைப்பைக் கண்டு தமிழ் வாசகர் மயங்க வேண்டாம். 'எல்லா' என்பது இங்கே 'அனைத்தும்' என்னும் பொருளில் வரும் சொல் அன்று, கதாநாயகியின் பெயர். எனினும், எல்லாவற்றிற்கும் கீழ்ப்படிந்தே தீரவேண்டிய பெண்ணுக்கு 'எல்லா' என்று பெயர் அமைந்திருப்பது, ஆசிரியர் அறியாமலேயே நம் மொழி அவருக்கு அளித்த கொடை எனலாம்.

கதை இதுதான். எல்லா பிறந்த அன்று லூசிண்டா என்னும் தேவதை குழந்தையைக் காண வருகிறாள். அழைப்பில்லாமல் வருவதும், கேளாமல் வரம் கொடுப்பதும், கொடுத்த வரத்தைத் திரும்பப் பெற மறுப்பதும் இத்தேவதையின் வழக்கம். தொட்டிலில் குழந்தை ஓயாமல் அழுகிறது. 'இவளுக்குக் கீழ்ப்படிதலை வரமாகத் தருகிறேன்' என்று சொல்லிவிட்டு, அழுகையை நிறுத்துமாறு ஆணையிடுகிறாள் லூசிண்டா. அக்கணமே அழுகை நின்றுவிடுகிறது. அழுது களைத்த பிள்ளையைத் தோளிலிட்டு இரவெல்லாம் நடந்த தாய்மார் எவரும், 'நமக்கு இப்படியொரு தேவதை வாய்க்கவில்லையே!' என்றுதான் முதலில் எண்ணுவர். ஆசிரியரும் அவ்வாறே நம்மை எண்ணவிட்டுப் பின்னர் அதன் விளைவை மெல்லக் காட்டுகிறார்.

எல்லாவின் ஐந்தாம் பிறந்தநாளன்று அவள் கையில் கேக்குத் துண்டைக் கொடுத்து, 'சாப்பிடு' என்று அன்போடு சொல்கிறார்கள். அது கட்டளையாகிவிடுகிறது. அவள் உண்கிறாள்; வயிறு நிறைந்த பின்னும் உண்கிறாள்; போதும் என்று யாரேனும் சொல்லும்வரை நிறுத்த அவளால் இயலவில்லை. அன்புச் சொல்லும் அவளுக்கு விலங்காகிறது. கீழ்ப்படியத் தாமதித்தாலோ தலைசுற்றலும் குமட்டலும் வலியும் அவளை வாட்டுகின்றன. ஆகவே, தன்னால் இயன்ற ஒரே எதிர்ப்பை அவள் கண்டுபிடிக்கிறாள்: கட்டளையின் சொல்லுக்குப் பணிவாள், கருத்துக்குப் பணியமாட்டாள். சமையற்காரி பாதாம் பருப்பு கொண்டுவரச் சொன்னால் இரண்டே இரண்டு பருப்பைக் கொண்டுவந்து நீட்டுவாள். பிள்ளைகள் உள்ள எந்த வீட்டிலும் இத்தகைய கீழ்ப்படிதலைக் காணலாம். சிரிப்பு மூட்டும் இப்பகுதிகளே நூலுக்கு உயிர்.

பதினைந்து வயது நிரம்பும் தறுவாயில் எல்லா தன் தாயை இழக்கிறாள். வணிகரான தந்தை அவளைக் கனவான் வீட்டுப் பெண்களுக்குரிய பள்ளிக்கு அனுப்புகிறார். உடன் செல்பவர்கள் ஓல்கா சீமாட்டியின் மகள்களான ஹாட்டியும் ஆலிவும். எல்லா எதைச் சொன்னாலும் செய்கிறாள் என்பதை ஹாட்டி கண்டுகொள்கிறாள். காரணம் அவளுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் அவளுக்கில்லை. முதலில் தாய் விட்டுச்சென்ற கழுத்தணியைப் பறித்துக்கொள்கிறாள். பின்னர், பள்ளியில் எல்லாவுக்குக் கிடைத்த ஒரே தோழியான அரீடாவுடன் நட்பை முறித்துக்கொள்ளும்படி கட்டளையிடுகிறாள். தோழியைப் புண்படுத்த மனமில்லாத எல்லா இரவோடிரவாகப் பள்ளியைவிட்டே வெளியேறுகிறாள்.

அவள் லூசிண்டாவைத் தேடிப் புறப்படும் பயணம் நகைச்சுவை நிறைந்தது. இனிய குரலால் மனிதரை மயக்கி விழுங்கும் அரக்கர் கூட்டத்திடம் சிக்கிய எல்லா, அவர்கள் மொழியையே அவர்களைப்போலப் பேசி அவர்களை மயக்கிவிடுகிறாள். மொழிகளை விரைந்து கற்பது அவளது இயற்கைத் திறமை. அரக்கர்கள் வீட்டுப்பிள்ளைகளைப்போல அடங்கி அமர்ந்திருக்கும் காட்சியைப் படித்துச் சிரியாதவர் இரார். இராட்சதர் வீட்டுத் திருமணமொன்றில் லூசிண்டாவைக் காணும் எல்லா, வரத்தை நீக்குமாறு வேண்டுகிறாள். தேவதையோ, இத்தகைய நற்பண்பு வாய்த்ததற்காக மகிழ்ந்திருக்கச் சொல்லிவிட்டுப் போகிறாள். அதுவும் கட்டளையாயிற்றே! எல்லா உடனே மகிழத் தொடங்குகிறாள். அடிமைத்தனத்தைப் பேறாக எண்ணிப் புன்னகை பூக்கிறாள். சமையற்காரி அதனை மாற்றி ஆணையிடும்வரை அந்தப் புன்னகை அவள் முகத்தில் நிற்கிறது.

அன்பார்ந்த வாசகர்களே, இந்த இடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். வெளிச்செயலை மட்டுமன்றி உள்ளத்தின் மகிழ்ச்சியையும் ஆணையால் உண்டாக்கிவிடலாம் என்று எண்ணுவோர் தேவதைக் கதைகளில் மட்டுமா இருக்கின்றனர்? 'சொன்னதைச் செய்; அதையும் முகம் கோணாமல் செய்' என்று பிள்ளைகளிடம் நாமும் சொல்வதுண்டு. முகம் கோணாத பிள்ளையைக் கண்டு அயலார் புகழும்போது நம் உள்ளம் குளிர்கிறது. அப்புன்னகையின் பின்னே அன்பு இருக்கிறதா, அச்சம் இருக்கிறதா என்று பார்ப்பவர் எத்தனை பேர்?

கீழ்ப்படிதல் நற்பண்பு என்பதில் ஐயமில்லை. நான்காம் கட்டளை நமக்குத் தெரியும். இறைமகனே நாசரேத்தூரில் அன்னை மரியாவுக்கும் சூசையப்பருக்கும் பணிந்து வாழ்ந்தார் என்று புனித லூக்கா எழுதுகிறார். ஆனால் அந்தப் பண்பின் வேர் எங்கே இருக்கிறது? கபிரியேல் தூதர் கன்னி மரியாவிடம் வந்தபோது ஆணையிட்டுவிட்டுப் போகவில்லை; செய்தியைச் சொன்னார்; மரியா கேட்ட கேள்விக்கு விடையளித்தார்; அவருடைய மறுமொழிக்காகக் காத்து நின்றார். அந்த ஒரு சொல்லுக்காக உலகம் முழுவதும் காத்திருந்ததைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித பெர்நார்து தம் மறையுரையொன்றில் உருக்கமாக விவரிக்கிறார். படைத்தவரே தம் படைப்பின் இசைவுக்காகக் காத்திருந்தார். நம் ஆண்டவர் தம் உயிரை எவரும் பறிக்கவில்லை என்றும், தாமாகவே கொடுப்பதாகவும் கூறியதை யோவான் நற்செய்தியில் வாசிக்கிறோம். மறுக்க இயலாதவன் பணிவதில் புண்ணியம் ஏது? சாவி கொடுத்த பொம்மை நடப்பதை நாம் கீழ்ப்படிதல் என்று அழைப்பதில்லை.

கதையின் பிற்பகுதி இவ்வுண்மையைத் திருமணத்தின் வாயிலாகக் காட்டுகிறது. எல்லாவின் தந்தை வாணிபத்தில் செய்த மோசடி வெளிப்பட்டுச் செல்வத்தை இழக்கிறார். மகளை வயது முதிர்ந்த பிரபு ஒருவருக்கு மணமுடித்து இழந்ததை ஈடுகட்ட முனைகிறார். மாப்பிள்ளை எதிர்பார்த்த அளவுக்குச் செல்வர் அல்லர் என்று தெரிந்ததும் அந்தப் பேச்சு கைவிடப்படுகிறது. மகளின் கண்ணீர் தடுக்க முடியாததைப் பணக்கணக்கு தடுத்துவிட்டது! வேறு வழியின்றித் தாமே ஓல்கா சீமாட்டியை மணந்துகொள்கிறார்; எல்லா மாற்றாந்தாய் வீட்டு வேலைக்காரியாகிறாள்.

இதற்கிடையில் இளவரசன் சார்மான்டுடன் அவளுக்கு நட்பு வளர்கிறது. பளிங்குத் தரை நடனத்தில் தொடங்கும் காதல் அன்று இது. இருவரும் பழைய கோட்டையொன்றின் படிக்கட்டுக் கைப்பிடிகளில் சிறுபிள்ளைகளைப்போலச் சறுக்கி விளையாடுகின்றனர். அங்கேதான் கண்ணாடிக் காலணிகளும் கிடைக்கின்றன. அயல்நாடு சென்ற இளவரசன் கடிதத்தில் தன் அன்பை வெளிப்படுத்தி அவளை மணக்க விரும்புவதாக எழுதுகிறான். எல்லா மகிழ்ச்சியால் துள்ளுகிறாள்; மறுகணமே நடுங்குகிறாள். யார் எதைச் சொன்னாலும் செய்யும் ஒருத்தி அரசியானால் என்னவாகும்? நாட்டின் இரகசியங்களைச் சொல் என்று பகைவன் ஆணையிட்டால் சொல்வாள். கணவனைக் கொல் என்றால் அதையும் செய்வாள். ஆகவே, தான் வேறொருவனை மணந்து சென்றுவிட்டதாகப் பொய்க் கடிதம் எழுதி அவன் உள்ளத்தை உடைக்கிறாள்.

மூன்று இரவு நடன விழாவில் முகமூடியணிந்து அவனைக் காணச் செல்வதும், ஹாட்டி முகமூடியைப் பறிப்பதும், காலணி நழுவுவதும் நாம் அறிந்த கதையின் வழியே செல்கின்றன. இறுதிக் காட்சிதான் புதிது. அவளைத் தேடி வந்த இளவரசன், 'என்னை மணந்துகொள்' என்கிறான். அன்பின் வேண்டுகோள் அது. ஆயினும் இலக்கணத்தில் அது ஏவல் அன்றோ? எல்லாவின் உதடுகள் இசையத் தொடங்குகின்றன. அவள் உள்ளமும் அதையே விரும்புகிறது. ஆயினும், இசைந்தால் அவனுக்கும் நாட்டுக்கும் அழிவு என்பதை எண்ணித் தன் முழு வலிமையோடும் போராடி 'மாட்டேன்' என்கிறாள். சாபம் உடைகிறது.

தனக்காக அவள் எத்தனையோ முறை சாபத்தை உடைக்க முயன்றாள், இயலவில்லை. தான் நேசித்தவர்களைக் காக்க முயன்றபோது இயன்றது. எந்த மந்திரக்கோலும் அவளை விடுவிக்கவில்லை, அன்பே விடுவித்தது. விடுதலை பெற்ற பிறகு, எவரும் கட்டளையிடாமல், தானே மனமுவந்து அவனை மணக்க இசைகிறாள். பின்னாளில் இளவரசிப் பட்டத்தை மறுத்து, அரசவை மொழியறிஞர் என்றும் சமையற்காரியின் உதவியாள் என்றும் இரண்டு பட்டங்களை ஏற்றுக்கொள்கிறாள் என்று ஆசிரியர் குறும்போடு முடிக்கிறார்.

லெவைன் அம்மையார் கத்தோலிக்க இறையியலை விளக்க இந்நூலை எழுதவில்லை. எனினும், அவர் கதையால் சொன்னதைத் திருச்சபை நெடுங்காலமாகச் சட்டத்தாலும் போதனையாலும் சொல்லி வருகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் மறைவல்லுநரான புனித தோமஸ் அக்வினாஸ் தம் இறையியல் தொகுப்பில் கீழ்ப்படிதலை நற்பண்பாகப் போற்றுகிறார். அதே பகுதியில், எல்லாவற்றிலும் மேலோருக்குப் பணியவேண்டிய கடமை இல்லை என்றும், மணம் செய்வதிலோ கன்னிமையில் நிலைப்பதிலோ பிள்ளைகள் பெற்றோருக்குப் பணியக் கடமைப்பட்டவர்கள் அல்லர் என்றும் தெளிவாக எழுதுகிறார். 1983-இல் வெளியிடப்பட்ட திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1057-ஆம் சட்டம், மணமக்களின் இசைவே திருமணத்தை உண்டாக்குகிறது என்றும், அவ்விசைவை எந்த மனித அதிகாரமும் அவர்களுக்குப் பதிலாக அளிக்க முடியாது என்றும் கூறுகிறது. வன்முறையாலோ பேரச்சத்தாலோ செய்யப்படும் திருமணம் செல்லாது என்பது 1103-ஆம் சட்டம்.

ஓலை எழுதவும் வாசிக்கவும் கோவிலுக்குச் செல்லும் நம் குடும்பங்கள் இதை நினைவிற்கொள்ள வேண்டும். 'நீங்கள் யாருடைய வற்புறுத்தலுமின்றி வந்திருக்கிறீர்களா?' என்னும் பொருள்படப் பீடத்தின்முன் குருவானவர் கேட்கும் கேள்வி வெறும் சடங்குச் சொல் அன்று. அக்கேள்விக்கு 'ஆம்' என்று சொல்லும் பெண், அதற்கு முந்தைய மாதங்களில் தன் வீட்டில் 'இல்லை' என்று சொல்ல இடம் பெற்றிருந்தாளா? இடமில்லாத வீட்டிலிருந்து வந்தவளின் 'ஆம்' எவ்வளவு பொருளுடையது?

இன்னொன்றும் உண்டு, அது மிக வேதனையானது. பெரியவர் எவர் எதைச் சொன்னாலும் பணிய வேண்டும் என்று பழக்கப்பட்ட குழந்தை, தீய எண்ணம் கொண்ட பெரியவரிடம் அகப்படும்போது எல்லாவைப்போலவே வாயடைத்து நிற்கிறது. நம் நாட்டில் சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012-இல் இயற்றப்பட்டது. திருச்சபைக்குள்ளும் அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்திச் செய்யப்படும் இத்தகைய குற்றங்களை விசாரிக்கும் விதிமுறைகளைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2019-இல் அளித்தார். சட்டங்கள் தேவையே. அவற்றிற்கு முன்னரே குழந்தைக்குத் தேவைப்படுவது, தவறான ஆணைக்கு 'மாட்டேன்' என்று சொல்லவும், வீட்டுக்கு ஓடிவந்து தாயிடம் சொல்லவும் துணிவு. எல்லாவின் தாய் மகளைக் காக்கும் எண்ணத்தோடு, சாபத்தைப்பற்றி எவரிடமும் சொல்லக்கூடாது என்று ஆணையிட்டிருந்தாள். அந்த நல்லெண்ண ஆணையே மகளைத் தனிமையில் தள்ளியது என்பதையும் இங்கே கவனிக்கலாம்.

ஆகவே, பிள்ளைகளைக் கட்டுப்பாடின்றி வளர்க்க வேண்டும் என்று யாரும் பொருள்கொள்ள வேண்டாம். எபேசியருக்கு எழுதிய மடலின் ஆறாம் அதிகாரத்தில் புனித பவுல், பெற்றோருக்குக் கீழ்ப்படியுமாறு பிள்ளைகளுக்குச் சொல்கிறார். அடுத்த மூச்சிலேயே பிள்ளைகளுக்குச் சினமூட்ட வேண்டாம் என்று தந்தையரிடம் சொல்கிறார். முதற்பகுதியை நாம் மனப்பாடமாக அறிவோம். மறுபகுதி ஏனோ நினைவில் நிற்பதில்லை. காரணத்தைச் சொல்லி ஆணையிடுதல், பிள்ளை கேள்வி கேட்டால் அதை எதிர்ப்பாகக் கொள்ளாமை, பிள்ளை சொல்வது நியாயமானால் ஏற்றுக்கொள்ளுதல் ஆகிய மூன்றும் வளரும் வீட்டில் கீழ்ப்படிதல் தானே வளரும். அது தன் சொந்தக் காலால் நடக்கும்.

நூலில் நம் மனத்தைக் கவரும் மற்றொருவர் சமையற்காரி மாண்டி. அவளே எல்லாவைக் காக்கும் தேவதை என்பது பிறகே தெரிகிறது. பெரோவின் கதையில் பூசணியை வண்டியாக்கும் தேவதை அப்பெண்ணுக்கு ஞானத்தாய் என்றே குறிப்பிடப்படுகிறாள். மாண்டியும் அந்த மரபில் வந்தவளே. ஆனால் அவள் பெரிய மந்திரம் எதையும் செய்ய மறுக்கிறாள். பெரிய மந்திரத்தின் விளைவு எங்கு போய் முடியும் என்று யாருக்கும் தெரியாது என்பது அவள் கருத்து. நோயுற்றவருக்குச் சூடான சூப்பு, அழும் பெண்ணுக்கு அணைப்பு, உரிய வேளையில் ஓர் அறிவுரை: இவையே அவளது மந்திரம். திருமுழுக்கன்று மோதிரமும் துணிமணியும் அளித்துவிட்டு அத்தோடு மறந்துவிடும் ஞானப்பெற்றோர் இந்தச் சமையற்காரியிடம் பாடம் படிக்கலாம். லூசிண்டா ஒரே நாளில் பெரிய வரம் கொடுத்துவிட்டுப் போனாள். மாண்டி ஒவ்வொரு நாளும் உடனிருந்தாள்.

தேவதைகளும் மந்திரங்களும் நிறைந்த நூலைக் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்று சிலர் தயங்கக்கூடும். 1922-இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்த ஆங்கில எழுத்தாளர் செஸ்டர்டன், தேவதைக் கதைகளிலிருந்தே தாம் உலகைப்பற்றிய அடிப்படை உண்மைகளைக் கற்றதாக 1908-இல் வெளியிட்ட நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். கத்தோலிக்கரான டோல்கீன் 1939-இல் நிகழ்த்திய சொற்பொழிவொன்றில் இத்தகைய கதைகளின் பெருமையை எடுத்துரைத்தார். இந்நூலில் மந்திரம் போற்றப்படவும் இல்லை. அதன் வீண்பெருமை நகைப்புக்குள்ளாகிறது. லூசிண்டாவே கீழ்ப்படியும் சிறுமியாகச் சில மாதங்கள் வாழ்ந்து பார்த்து, தான் செய்த கொடுமையை உணர்ந்து வருந்துகிறாள்.

2004-இல் இதே பெயரில் ஒரு திரைப்படமும் வந்தது. அது கதையை மிகவும் மாற்றிவிட்டதால், நூலை முதலில் படிப்பதே நன்று. ஆங்கிலம் எளிமையானது, பத்து வயதைக் கடந்த பிள்ளைகள் தாமே படிக்கலாம். சிறியவர்களுக்கு இரவுச் செபம் முடிந்தபின் நாளுக்கு ஓர் அத்தியாயமாகப் பெற்றோர் தமிழில் சொல்லலாம். அரக்கர்கள் வரும் இடத்தில் அப்பா குரலை மாற்றிப் பேசினால் வீடே கலகலக்கும்.

கதை முடிந்த இரவில் பிள்ளைகளிடம் ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: 'எல்லா இளவரசனிடம் மாட்டேன் என்றாளே, அது கீழ்ப்படியாமையா?' அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பொறுமையோடு கேளுங்கள். நடுவே குறுக்கிட்டு விடையைச் சொல்லிவிட வேண்டாம்.